டோரதி டேயின் மனமாற்றம் துயரத்தில் பிறந்ததா, மகிழ்ச்சியில் பிறந்ததா? 'என்டர்டெய்னிங் ஏஞ்சல்ஸ்' படம் குறித்து

கடற்கரைச்சாலை எழுதியது:

'கத்தோலிக்க் வொர்க்கர்' என்ற இதழையும், ஏழைகளுக்கு உணவும் தங்குமிடமும் தரும் விருந்தோம்பல் இல்லங்களையும் தொடங்கிய அமெரிக்கப் பத்திரிகையாளர் டோரதி டேயின் வாழ்க்கையைச் சொல்லும் 'என்டர்டெய்னிங் ஏஞ்சல்ஸ்' படத்தைக் கடந்த வாரம் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். மைக்கேல் ரே ரோட்ஸ் இயக்கி 1996இல் வெளிவந்த இப்படத்தில் டோரதி டேயாக மொய்ரா கெல்லியும், அவரோடு சேர்ந்து அப்பணியைத் தொடங்கிய பீட்டர் மோரினாக மார்ட்டின் ஷீனும் நடித்திருக்கிறார்கள். தயாரித்தவர் பவுலிஸ்ட் துறவுச் சபையின் அருள்தந்தை எல்வுட் கீசர். எல் சால்வடோரின் பேராயர் ரொமேரோவைப் பற்றி 1989இல் படம் எடுத்தவரும் அவரே. அந்நியரை உபசரித்தவர்கள் சில வேளை தங்களையறியாமல் வானதூதர்களையே உபசரித்திருக்கிறார்கள் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் சொல்வதுதான் தலைப்பின் மூலம்.

முதல் முறை பார்த்தபோது படத்தை அப்படியே ஏற்றுக்கொண்டேன். இடையில் டோரதி டே 1952இல் எழுதிய 'தி லாங் லோன்லினெஸ்' என்ற தன்வரலாற்றைப் படித்திருந்ததால், இம்முறை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதி மதுக்கூடங்கள், கைவிட்டுப்போன காதலன், கருக்கலைப்பு, அதன் பிறகான வெறுமை, கடைசியில் கோவில் என்ற வரிசையில் படம் நகர்கிறது. அடிபட்டவள் இறைவனிடம் ஒதுங்கினாள் என்று பார்வையாளர் புரிந்துகொள்ள இதுவே போதும். அவர் தம் கைப்பட எழுதியிருப்பதோ இதற்கு நேர்மாறானது.

1924இல் வெளியான தம் நாவலின் திரைப்பட உரிமையை விற்ற பணத்தில் ஸ்டேட்டன் தீவின் கடற்கரையில் ஒரு சிறு வீடு வாங்கி, ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாம் என்ற உயிரியல் அறிஞரோடு அவர் வாழ்ந்த ஆண்டுகள்தாம் அவருடைய வாழ்க்கையிலேயே மிக நிறைவானவை. அஞ்சல் எடுக்க ஊருக்குள் நடந்து போகும்போது சட்டைப்பையில் செபமாலை இருக்கும். தன்னையறியாமல் செபித்துக்கொண்டே நடப்பார். மதம் மக்களின் அபின் என்று தோழர்கள் சொன்னது அப்போதெல்லாம் மனதில் எழும். நான் துன்பத்தில் செபிக்கவில்லையே, மகிழ்ச்சியாக இருப்பதனால் அல்லவா செபிக்கிறேன் என்று தனக்குத்தானே மறுமொழி சொல்லிக்கொள்வார். இனித் தாயாகவே முடியாது என்று அஞ்சியிருந்தவருக்கு 1926 மார்ச் 4 அன்று மகள் டமார் பிறந்தாள். அத்தனை பெரிய நன்றியை ஏற்றுக்கொள்ள மனிதர் எவரும் போதாமல் போனதால் இறைவனைத் தேடினேன் என்ற பொருளில்தான் அவர் எழுதுகிறார்.

படத்திலும் அந்தக் கடற்கரை உண்டு, குழந்தையும் உண்டு. ஆனால் முந்தைய துயரங்களின் பாரம் நம் மனதில் ஏற்கெனவே இறங்கிவிட்டதால் கடற்கரை வெறும் இளைப்பாறுமிடமாகச் சுருங்கிவிடுகிறது. மகிழ்ச்சியாக இருந்த ஒரு பெண் அந்த மகிழ்ச்சியின் காரணமாகவே அதை இழக்கத் துணிந்தாள் என்பது அரிய நிகழ்வு. அதைத் திரையில் காட்ட முடியாமல் போனதா, காட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லையா? பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய ஏடு எழுதியது:

நண்பரின் வாதத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆயினும் கடற்கரை ஆண்டுகளுக்கு மட்டும் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடக் கூடாது. 1906ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது டோரதிக்கு 8 வயது. குடும்பம் ஓக்லாந்தில் இருந்தது. வீடிழந்து வளைகுடாவைக் கடந்து வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் உணவும் துணியும் கொடுத்ததை அந்தச் சிறுமி பார்த்தாள். மக்கள் எப்போதும் இப்படி இருக்க முடியாதா என்ற கேள்வி அங்கே தொடங்கியதாக அவரே சொல்கிறார். பின்னர் 1917 நவம்பரில், பெண்களுக்கு வாக்குரிமை கோரி வெள்ளை மாளிகையின் முன் நின்றதற்காகக் கைதாகி, வர்ஜீனியாவின் ஆக்கக்வான் சிறையில் உண்ணாநோன்பு இருந்தபோது, விவிலியத்தைக் கேட்டு வாங்கித் திருப்பாடல்களைப் படித்திருக்கிறார். ஆறுதல் கிடைத்தது, ஆனால் தோல்வியில் மண்டியிடுவது தன்மானத்துக்கு இழுக்கென்று தோன்றவே அந்த ஆறுதலை ஒதுக்கிவிட்டார். உங்கள் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று இல்லை: துயரத்தில் வந்த இறைவனை வேண்டாம் என்றவர், பத்தாண்டுகள் கழித்து மகிழ்ச்சியில் வந்தவரை ஏற்றுக்கொண்டார்.

எனக்குள்ள பெரிய குறை படம் முடியும் இடத்தைப் பற்றியது. முதுமை எய்திய டோரதியைச் சிறையில் காட்டித் தொடங்குகிற படம், அங்கிருந்து 1917க்குத் திரும்பி, 1930களின் இறுதியோடு நின்றுவிடுகிறது. பத்திரிகை நடத்திய, பசித்தவர்க்குச் சூப் ஊற்றிய பெண் எதற்காக அந்த வயதில் சிறையில் இருக்கிறார் என்பதற்கான கால் நூற்றாண்டு வரலாறு படத்துக்கு வெளியே கிடக்கிறது. அது இல்லாமல் அவரை அன்னதானம் செய்த நல்ல அம்மையார் என்று எவரும் எளிதாக வகைப்படுத்திவிடலாம்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 ஜனவரி இதழில், நாடு போரில் இறங்கிவிட்ட நிலையிலும் 'கத்தோலிக்க் வொர்க்கர்' தன் கிறிஸ்தவப் போர்மறுப்பு நிலைப்பாட்டைத் தொடரும் என்று அவர் தலைப்பிட்டு எழுதினார். அந்நாளைய அமெரிக்காவில், அதுவும் தங்கள் நாட்டுப்பற்று சந்தேகிக்கப்பட்டுவிடுமோ என்று எப்போதும் அஞ்சிக்கொண்டிருந்த கத்தோலிக்கர்களிடையே, இது எவ்வளவு பெரிய துணிவு என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கத்தோலிக்கர் பலர் ஆதரித்த தளபதி பிராங்கோவை ஆதரிக்க மறுத்ததாலேயே பல பங்குக் கோவில்கள் இதழை வாங்குவதை நிறுத்தியிருந்தன. இப்போது விற்பனை மேலும் சரிந்தது. விருந்தோம்பல் இல்லங்கள் பல மூடப்பட்டன. உடன் உழைத்த இளைஞர்களே கருத்து வேறுபட்டுப் படையில் சேர்ந்தார்கள். அவர் மாறவில்லை.

1955 ஜூன் 15 அன்று அணுகுண்டு ஒத்திகைக்காக நியூயார்க் மக்கள் அனைவரும் பதுங்கிடங்களுக்குப் போக வேண்டும் என்று அரசு ஆணையிட்டபோது, அவரும் சில தோழர்களும் மாநகர மன்றத்தின் முன்னுள்ள பூங்காவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அணுகுண்டுக்கு ஒளிந்துகொள்ளலாம் என்ற பொய்க்கு உடன்பட முடியாது என்பது ஒரு காரணம். ஹிரோஷிமாவுக்குக் கழுவாய் தேட வேண்டும் என்பது மற்றொன்று. ஆண்டுதோறும் இதையே செய்தார்கள். 1957இல் முப்பது நாள் சிறைத்தண்டனையும் பெற்றார். 1961இல் அந்தப் பூங்காவில் கூட்டம் ஆயிரங்களைத் தொட்டது. அதன்பின் ஒத்திகையே கைவிடப்பட்டது. ஒரு திரைப்படத்துக்கு இதைவிட என்ன காட்சி வேண்டும்?

சமையற்கட்டு எழுதியது:

எங்கள் பங்கில் வீடற்றவர்களுக்கு வாரந்தோறும் உணவு வழங்கும் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். வரலாற்றை நீங்கள் இருவரும் என்னைவிட நன்றாக அறிந்திருக்கிறீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே காட்சியைப் பற்றியதுதான்.

எல்லாம் கைமீறிப் போன ஓர் இரவில் டோரதி கோவிலுக்குள் தனியே போய் இறைவனோடு சண்டையிடுகிறார். இவர்கள் உம்முடைய மக்கள்தாமே, இவர்கள் மேல் நாற்றம் அடிக்கிறது, பேன் இருக்கிறது, நான் ஒருத்தி போதவில்லை, நீர் எங்கே இருக்கிறீர் என்று கேட்கிறார். முதல் முறை பார்த்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன், ஏனென்றால் அந்தக் கேள்விகளை நான் என் வீட்டுச் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறேன். ஏழைகளுக்குத் தொண்டு செய்கிறவர்களைப் பற்றிய படங்களில் ஏழைகள் பெரும்பாலும் கைகூப்பி நன்றி சொல்கிறவர்களாகவே இருப்பார்கள். நாங்கள் காண்கிறவர்களில் நன்றி சொல்கிறவரும் உண்டு, தட்டைத் தூக்கி எறிகிறவரும் உண்டு, தன் போர்வையைப் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டு நடுங்குகிறவரும் உண்டு. சகிக்க முடியாதவர்களை ஏன் சகிக்க வேண்டும் என்ற கேள்வியை மறைக்காமல் கேட்டதற்காகவே இப்படத்தின் மற்றக் குறைகளை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

உடன் உழைத்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்ன நிகழ்வு ஒன்று உண்டு. வசதியான பெண் ஒருவர் இல்லத்துக்கு வந்து ஒரு வைர மோதிரத்தைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றே, அங்கு நாள்தோறும் சாப்பிட வரும், எல்லாரையும் கடிந்துகொள்ளும் ஒரு மூதாட்டியிடம் டோரதி அதைக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் அவளுக்கு ஓராண்டு வாடகை கட்டியிருக்கலாமே என்று உடனிருந்தவர் கேட்டார். விற்பதா அணிந்துகொள்வதா என்பதை அவளே முடிவு செய்யட்டும், வைரத்தை இறைவன் பணக்காரர்களுக்கு மட்டுமா படைத்தார் என்று டோரதி திருப்பிக் கேட்டார். நன்கொடைக் கணக்கு எழுதுகிற எனக்கு முதலில் இது பொறுப்பின்மையாகத்தான் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஏழைக்கு எது நல்லது என்பதை நாமே முடிவு செய்யும் பழக்கம் எங்கள் குழுவிலும் உண்டு. அது கொடுக்கிறவரின் கையை எப்போதும் மேலேயே வைத்திருக்கிறது.

அதே டோரதி பணத்தில் மிகக் கண்டிப்பானவர் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லம் இருந்த கட்டடத்தை நகராட்சி எடுத்துக்கொண்டு இழப்பீட்டோடு வட்டியும் சேர்த்துக் கொடுத்தபோது, 1960இல் அந்த வட்டித் தொகையை, 3,579 டாலருக்கும் சற்றுக் கூடுதலானதை, வட்டி வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். நன்கொடைக்கு வரிவிலக்குப் பெறும் அமைப்பாகப் பதிவு செய்யவும் மறுத்தார். ஏழைக்குச் செய்வது ஒவ்வொருவரும் தம் பொறுப்பில், தமக்கு வலிக்கும்படி செய்ய வேண்டியது, அதில் அரசிடம் சலுகை கேட்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

வடகரை எழுதியது:

பீட்டர் மோரினைப் பற்றி யாரும் பேசவில்லையே. மார்ட்டின் ஷீனின் நடிப்பு எனக்குப் பிடித்தது. நாடகக் குழுவில் இருந்த இளமைக் காலத்தில் அவரே நியூயார்க்கின் கத்தோலிக்க் வொர்க்கர் இல்லத்தில் சாப்பிட்டவர் என்பதால் அந்தப் பாத்திரத்தில் கடன் தீர்க்கிற ஒரு நெகிழ்வு தெரிகிறது. ஆனால் திரையில் அவர் அன்பான வேடிக்கை மனிதராக மட்டுமே நிற்கிறார். உண்மையான மோரின் தென் பிரான்சின் குடியானவக் குடும்பத்தில் 1877இல் பிறந்து, துறவுச் சகோதரராகப் பாடம் நடத்தி, பின்பு கனடாவிலும் அமெரிக்காவிலும் கூலி வேலை செய்து அலைந்தவர். அவரிடம் தெளிவான திட்டம் இருந்தது: தொழிலாளரும் அறிஞரும் சேர்ந்து உட்கார்ந்து விவாதிப்பது, ஒவ்வொரு பங்கிலும் விருந்தோம்பல் இல்லம் அமைப்பது, நிலத்துக்குத் திரும்பிப் பண்ணைச் சமூகங்களை உருவாக்குவது.

1932 டிசம்பரில் வாஷிங்டனில் வேலையற்றோரின் பட்டினிப் பேரணியைச் செய்தியாளராகப் பார்த்த டோரதி, ஊர்வலத்தில் கத்தோலிக்கர் எவரும் முன்னின்று நடக்கவில்லையே என்று வெட்கப்பட்டு, டிசம்பர் 8 அன்று அமல அன்னை ஆலயத்தின் நிலவறையில் அழுது வேண்டினார். நியூயார்க் திரும்பியபோது வீட்டில் மோரின் காத்திருந்தார். இதைப் படத்துக்காக யாரும் புனைய வேண்டியதே இல்லை.

1933 மே முதல் நாள் யூனியன் சதுக்கத்தில், பொதுவுடைமைவாதிகளின் மே நாள் கூட்டத்துக்கு நடுவே, 'கத்தோலிக்க் வொர்க்கர்' முதல் இதழை விற்றார்கள். 57 டாலர் செலவில் 2,500 படிகள். மின்கட்டணத்தையும் எரிவாயுக் கட்டணத்தையும் தள்ளிவைத்துச் சேர்த்த பணமும் அதில் உண்டு. விலை ஒரு சென்ட். மோரினுக்கோ முதல் இதழ் பிடிக்கவில்லை. எல்லாருடைய பத்திரிகையும் எவருடைய பத்திரிகையும் அல்ல என்று சொல்லிச் சில காலம் விலகியே இருந்தார். இருவருக்கும் இடையிலிருந்த இந்த உரசலைக் காட்டியிருந்தால் அவரும் முழு மனிதராகியிருப்பார்.

முதல் வாசகி எழுதியது:

எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. எவரையும் புண்படுத்தும் நோக்கமின்றிக் கேட்கிறேன். முதலாவது, கருக்கலைப்பைப் படம் காட்டியது சரியா என்பது. தன்வரலாற்றில் அவர் அதை எழுதவில்லை. 1924 நாவலில் கதைமாந்தர் மூலமாகவே வெளிப்படுத்தினார். அருள்தந்தை ஒருவர் தயாரித்த படம் அதை மறைக்காதது நேர்மை என்றே முதலில் எண்ணினேன். ஆனால் மறைக்காமல் காட்டியதோடு, அதையே மனமாற்றத்தின் திறவுகோலாகவும் ஆக்கிவிட்டால், பெண்ணின் பாவமே அவளைக் கோவிலுக்கு இட்டுச் செல்கிறது என்ற பழைய கதைக்குள் அவரும் அடைக்கப்பட்டுவிடுகிறார். இந்த இழையைத் தொடங்கியவரின் குறையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, டமார். அந்தக் குழந்தையின் பிறப்பு தாயை இறைவனிடம் கொண்டுவந்தது. அதன்பின் அவள் வளர்ந்தது வருவோர் போவோர் நிறைந்த இல்லங்களில். தாய் பேச்சுப் பயணங்களில் வெளியூரிலிருந்த நாள்கள் பல. 18 வயதில் மணமுடித்தார், ஒன்பது பிள்ளைகள் பெற்றார், பிற்காலத்தில் திருச்சபையை விட்டு விலகினார். தாயும் மகளும் ஒருவரையொருவர் ஆழமாக நேசித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊருக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்த வீட்டில் ஒரு குழந்தைக்கென்று மூடிக்கொள்ளக் கதவு இருந்ததா? 2000ஆம் ஆண்டில் இறை ஊழியர் என்று அறிவிக்கப்பட்டு, புனிதர் பட்டத்துக்கான ஆய்வு நடக்கும் ஒருவரைப் பற்றி இதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது என்று நம்புகிறேன்.

சமையற்கட்டு எழுதியது:

அவமதிப்பு இல்லை, சகோதரி. சனிக்கிழமைகளில் என் மகன் என்னிடம் கேட்பதும் அதேதான். அவனுக்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கடற்கரைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முதல் வாசகி சொன்னது என் குறையை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பழைய ஏடு அவர்களுக்கு ஒரு மறுமொழி. போர்மறுப்பும் சிறைவாசமும் படத்தில் இல்லாதது இழப்புதான். ஆனால் அந்த உறுதியின் வேர் 1927ஆம் ஆண்டிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வாண்டு ஜூலையில் டமாருக்குத் திருமுழுக்குக் கொடுக்கப்பட்டது. ஃபார்ஸ்டர் தாம் வைத்த பொறிகளில் பிடித்த சிங்கி இறால்களை விருந்துக்குக் கொடுத்துவிட்டு, கோபத்தோடு வெளியேறினார். சமயத்தையும் அரசையும் ஒருங்கே மறுத்த அரசின்மைவாதி அவர்; திருமணம் செய்துகொள்ள அவர் உடன்பட மாட்டார், திருச்சபையில் சேர்ந்தால் மணமின்றி அவரோடு டோரதி வாழ இயலாது. ஆகஸ்ட் 23 அன்று, கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருந்த இத்தாலிய அரசின்மைவாதிகள் சாக்கோவும் வான்செட்டியும் மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். ஃபார்ஸ்டர் நாள்கணக்கில் உண்ணாமல், பேசாமல் கிடந்தார். அந்தத் துக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, செல்வர்களின் பக்கம் நிற்பதாகத் தாமே கருதிய ஒரு நிறுவனத்தில் சேர்வது எப்படி? டிசம்பரில் ஒரு நாள் திரும்பி வந்த ஃபார்ஸ்டரை டோரதி கதவைத் திறந்து உள்ளே விடவில்லை. மறுநாள், டிசம்பர் 28, ஸ்டேட்டன் தீவின் டாட்டன்வில் கோவிலுக்குப் போய்த் திருமுழுக்குப் பெற்றார். மகிழ்ச்சியோ அமைதியோ சிறிதும் இல்லை, பாசாங்கு செய்வதாகவே உணர்ந்தேன் என்று எழுதியிருக்கிறார்.

தம் மக்களைக் காட்டிக்கொடுக்கிறோமோ என்ற அந்த அச்சம் அவரை விடவே இல்லை. 1949இல் நியூயார்க்கின் கத்தோலிக்கக் கல்லறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்நகரின் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் குருமாணவர்களைக் கொண்டு குழி தோண்டச் செய்தார். டோரதி தம் திருச்சபைத் தலைவருக்கு எதிராகத் தொழிலாளர்களோடு நின்றார். நாள்தோறும் திருப்பலிக்குப் போய்க்கொண்டேதான் இதைச் செய்தார். கீழ்ப்படிதலும் எதிர்ப்பும் ஒரே உள்ளத்தில் எப்படிக் குடியிருந்தன என்பதை 1927இன் அந்தக் குளிர்காலத்திலிருந்து தொடங்கினால்தான் புரிந்துகொள்ள முடியும்.

மெலிண்டா டில்லன் நடித்த அருட்சகோதரியைப் பற்றியும் ஒரு சொல். படத்தில் அவர் கனிவே உருவானவர். தன்வரலாற்றில் வரும் சகோதரி அலோசியாவோ மறைக்கல்விப் பாடத்தை டோரதி மனப்பாடம் செய்யாமல் வந்தால், உன்னையா அறிவாளி என்கிறார்கள் என்று கடிந்துகொள்கிறவர்; வீடு குப்பையாகக் கிடப்பதையும் கண்டிக்கிறவர். எழுத்தாளரும் பத்திரிகையாளருமான ஒரு பெண் அந்த வயோதிகக் கன்னியரிடம் பள்ளிச் சிறுமிபோல் திட்டு வாங்கிக்கொண்டு பாடம் படித்தார் என்பதில் எவ்வளவு தாழ்மையும் எவ்வளவு தாகமும் இருக்கின்றன!

சில மாதங்களுக்கு முன் நியூயார்க் சென்றிருந்தபோது ஸ்டேட்டன் தீவுக்குப் போனேன். அத்தீவுக்குச் செல்லும் படகுப் பணியில் 2023 முதல் 'டோரதி டே' என்ற பெயரிலேயே ஒரு படகு ஓடுகிறது. பிற்காலத்தில் அவர் தங்கியிருந்த கடற்கரைக் குடிலை 2001இல் இடித்துவிட்டார்கள். உயிர்த்தெழுதல் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் தரையோடு தரையாக ஒரு சிறு கல்; அப்பமும் மீனும் செதுக்கி, இறைவனுக்கு நன்றி என்று இலத்தீனில் இரண்டே சொற்கள் பொறித்திருக்கிறார்கள். நன்றியில் தொடங்கிய மனமாற்றம் என்று நான் இந்த இழையில் பிடிவாதமாக எழுதியதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம்.

முதல் வாசகியின் இரண்டாம் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அதனோடு சேர்த்து நினைக்க வேண்டிய ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஃபார்ஸ்டர் பிற்காலத்தில் நானெட் என்ற பெண்ணோடு நெடுநாள் வாழ்ந்தார். 1959இல் நானெட்டுக்குப் புற்றுநோய் முற்றியபோது, ஃபார்ஸ்டரால் அந்த வேதனையைக் காணத் தாங்கவில்லை. டோரதியை உதவிக்கு அழைத்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எவருக்குக் கதவைச் சாத்தினாரோ அவருடைய வீட்டுக்கு, 62 வயதில், டோரதி நாள்தோறும் போய் நானெட்டைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், வலியில் கத்தும்போது அருகே உட்கார்ந்திருந்தார். 1960 ஜனவரியில் நானெட் இறக்கும்வரை இது தொடர்ந்தது.